கிரிப்டோ 2026: விலையையே பார்த்துக்கொண்டு கோட்டைவிடும் இடங்கள்

2026-இல் எந்தக் காயின் ஏறும் என்று கேட்டால் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. சரியான காயினை, சரியான நேரத்தில் வாங்கியும் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் விட்டது வரியில், வாலட்டில் (காயினை வைத்து அனுப்பும் செயலி), யோசிக்காமல் அழுத்திய ஒரு பட்டனில்.

முதலில் வரி. இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30% என்பது எல்லோருக்கும் தெரியும். நட்டத்தைக் கழிக்க முடியாது என்பதுதான் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பலருக்கு உறைக்கிறது. ஒரு காயினில் 1,00,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 80,000 ரூபாய் நட்டம் என்று வையுங்கள். கையில் மிஞ்சியது 20,000. ஆனால் வரி முழு ஒரு லட்சத்துக்கும் உண்டு: செஸ் சேர்த்து 31,200 ரூபாய். ஆக, லாபம் பார்த்ததாக நினைத்தவர் 11,200 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச் சந்தைப் பழக்கத்தில் இங்கே வருபவர்கள் சறுக்குவது இதில்தான். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் வரிக் கணக்கில் அது விற்பனைதான். ரூபாய் கைக்கு வரவில்லையே என்ற வாதம் எடுபடாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் என்றாலும் இந்த விதிகள் அதிலும் தொடர்கின்றன.

விற்பனையில் பிடிக்கப்படும் 1% டிடிஎஸ்ஸைப் பலர் போன பணம் என்று விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் பான் கணக்கில்தான் நிற்கிறது, ரிட்டர்னில் கேட்டு வாங்குங்கள். காயினை வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் (வாங்கி விற்கும் தளம்) வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்புக்கும் இனி ஆயுள் குறைவு. கிரிப்டோ கணக்கு விவரங்களை நாடுகள் தங்களுக்குள் பகிரும் ஏற்பாட்டில் 2027 முதல் இந்தியாவும் சேரப்போகிறது.

அடுத்து, எல்லோரும் பேசும் ஸ்டேபிள்காயின்: விலை ஒரு டாலரிலேயே நிற்க வேண்டும் என்று உருவாக்கிய காயின். 2025 ஜூலையில் அமெரிக்கா இதற்கென்றே சட்டம் போட்டது: ஒவ்வொரு காயினுக்கும் ஈடாக ரொக்கமோ குறுகியகால அரசுக் கடன்பத்திரமோ இருக்க வேண்டும். நல்ல விதிதான். அதற்காக ‘டாலர்’ என்று பெயர் வைத்ததெல்லாம் டாலர் ஆகிவிடாது. 2022 மே மாதம் சரிந்த டெர்ராவின் யுஎஸ்டி (UST) ஸ்டேபிள்காயினுக்குப் பின்னால் கையிருப்பு டாலர் இல்லை, ஒரு கணக்கு விதிதான் இருந்தது. கையிருப்பு உள்ள யுஎஸ்டிசி (USDC) ஸ்டேபிள்காயினே 2023 மார்ச்சில், ஈட்டுப் பணத்தில் ஒரு பகுதி சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டியதால், 90 சென்ட்டுக்கும் கீழே போய்த் திரும்பியது. இன்னொன்று: அந்த அமெரிக்கச் சட்டப்படி, காயினை வெளியிடும் நிறுவனம் வைத்திருப்பவருக்கு வட்டி தரக் கூடாது. ஆகவே யாராவது “ஸ்டேபிள்காயினுக்கு 12% வட்டி” என்று கூப்பிட்டால், உங்கள் பணம் எங்கோ கடனாகப் போகிறது என்று அர்த்தம். யாருக்கு என்று கேளுங்கள். டெர்ரா பக்கம் கூட்டத்தை இழுத்ததும் ஏறத்தாழ 20% வட்டிதான்.

இனி வாலட். 2024 மே மாதம் ஒருவர் 1,155 ராப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் வடிவம்) அனுப்பினார். அன்றைய மதிப்பு ஏறத்தாழ 6.8 கோடி டாலர். எச்சரிக்கையான ஆள்தான், முதலில் சிறு தொகையை அனுப்பிச் சோதித்தும் பார்த்தார். அதற்குள் திருடன் முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் அதேபோல் இருக்கும் ஒரு முகவரியை உருவாக்கி, அவருடைய பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைத்துவிட்டான். அவர் பட்டியலிலிருந்து காப்பி செய்தார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது. பெரும்பாலான வாலட்கள் முகவரியின் நடுப்பகுதியைப் புள்ளி வைத்து மறைப்பதால், நம் கண்ணும் முனைகளை மட்டுமே பார்க்கப் பழகிவிட்டது. பழைய பட்டியலிலிருந்து காப்பி செய்யாதீர்கள்; முகவரியைப் பெயரிட்டுச் சேமித்து, அங்கிருந்து எடுங்கள்.

வாலட் கேட்கும் ஒப்புதலுக்குப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது, அதாவது பட்டனை அழுத்துவது, இதற்கு அண்ணன். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் போனது, ஒப்புதல் கொடுப்பவர்களின் திரையில் ஒன்று தெரிந்து, உள்ளே வேறொன்று ஓடியதால்தான். அனுபவசாலிகளுக்கே அந்தக் கதி. 2025 மே மாத எத்தீரியம் புதுப்பிப்புக்குப் பிறகு, சாதாரண வாலட்டும் ஒரு கையெழுத்தில் தன் கட்டுப்பாட்டை ஒரு நிரலிடம் ஒப்படைக்கலாம். வசதிதான், திருடர்களுக்கும்தான். இலவச டோக்கன் தருகிறேன் என்னும் தளங்களுக்குத் தனியாகக் காலி வாலட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றச் செய்தியைத் தவறாகப் படிப்பதும் நடக்கிறது. 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்தாகக் கருதலாம் என்றது. வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் மாட்டிய தன் எக்ஸ்ஆர்பி காயின்களுக்காக வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. கிடைத்தது இடைக்காலப் பாதுகாப்பு. உடனே “கிரிப்டோ சட்டப்பூர்வமாகிவிட்டது” என்று தம்ப்நெயில் போட்டார்கள். இந்தியாவில் அது இன்னும் செலாவணி அல்ல. அந்த எக்ஸ்சேஞ்ச் 2024 ஜூலை 18-இல் ஹேக் ஆன பிறகு, வாடிக்கையாளர்கள் காயினை வெளியே எடுக்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நீண்டகாலம் வைக்கப்போவதை எக்ஸ்சேஞ்சில் விடாதீர்கள். வாங்கி விற்பதற்கும், மத்திய நிதி அமைச்சகத்தின் எஃப்ஐயு எனும் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிந்த எக்ஸ்சேஞ்சா என்று பாருங்கள்.

இணையக் கேலியை வைத்து உருவான மீம் காயின், ஏஐ பெயர் ஒட்டிய டோக்கன் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. தொலைந்தாலும் தூக்கம் கெடாத தொகையோடு நிறுத்துங்கள்.

கடைசியாக, பி2பி: ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்பது. டெலிகிராமில் சந்தை விலையைவிட நான்கைந்து ரூபாய் கூடுதலாக யுஎஸ்டிடி (இதுவும் டாலர் ஸ்டேபிள்காயின்) வாங்க ஒருவர் வருவார். பணமும் உடனே வரும். அது யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், பறிகொடுத்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் கடந்துவந்த கணக்குகளை வங்கிகள் ஒவ்வொன்றாக முடக்கும், உங்கள் சம்பளக் கணக்கு உட்பட. புகார் பதிவானது வேறு மாநிலமாக இருந்தால் அலைச்சல் இன்னும் கூடும். பணம் அனுப்புபவரின் பெயர் கேஒய்சி பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் காயினை விடுவிக்காதீர்கள். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, சாட்டையும் ரசீதையும் சேமித்து வையுங்கள். கணக்கைத் திறக்கச் சொல்லி எழுதும்போது போலீஸும் வங்கியும் முதலில் கேட்பது அவற்றைத்தான்.