மந்திரத்துக்கு இயற்பியல் எழுதும்போது நேரும் தவறுகள்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாக மாறிப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டங்களில், விதிநூலைப் பாதி படித்துவிட்டு வருவது, பகடைகளைக் குழப்பிக்கொள்வது போன்றவை சில அமர்வுகளில் தாமாகவே சரியாகிவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அண்மையில், புதிதாக ஆட்டம் நடத்தத் தொடங்கிய ஒருவரின் மேசையில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறை அவர் அப்படியே செய்வதைக் கண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு மந்திரத்துக்கு அறிவியலைத் திறந்துவிடுவது

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் ஃபயர்பால் (நெருப்புப் பந்து) ஒரு மூன்றாம் நிலை மந்திரம். 20 அடி ஆரத்துக்குள் இருப்பவர்களுக்கு எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்குச் சேதம்; விலகித் தப்பும் சோதனையில் வென்றவர்களுக்கு அதில் பாதி. என் ஆட்டத்தில், மூடிய கல்லறைக்குள் இருந்த காவலர்கள்மீது இதை ஏவிய ஒருவர், "நெருப்பு ஆக்சிஜனைத் தின்றுவிடுமே, பிழைத்தவர்களும் மூச்சுத் திணறிச் சாக வேண்டாமா?" என்று கேட்டார். கேள்வியின் கூர்மையில் மயங்கி உடனே ஒப்புக்கொண்டேன். அடுத்த அமர்விலிருந்து, கதவைச் சற்றே திறப்பது, நெருப்பை எறிவது, மூடிவிட்டுக் காத்திருப்பது என்பதே குழுவின் வழக்கமாயிற்று. நான் பார்த்துப் பார்த்து உருவாக்கிய எதிரிகள் ஒரு சொல்கூடப் பேசாமல் செத்தார்கள். வாள்வீரராக ஆடியவர் மூன்றாவது வாரம் பகடையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

எரிபொருளே இல்லாமல் தோன்றும் தழல், ஆக்சிஜன் விஷயத்தில் மட்டும் வேதியியலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நான் ஏன் ஏற்றேன்? விதிநூலையாவது புரட்டியிருக்கலாம். பாத்திரத்தின் உடல் தாங்குதிறனைக் குறிக்கும் மாற்றெண்ணோடு 1 கூட்டினால் வரும் நிமிடங்களுக்கு ஓர் உயிர் மூச்சடக்கலாம் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மாற்றெண் +2 என்றால் 3 நிமிடம். சுற்றுக்கு 6 விநாடி வீதம் 30 சுற்றுகள். அதற்குள் அந்தக் காவலர்கள் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள்.

பௌதிக விளைவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பில் இதே நெருப்பு ஏறத்தாழ 33,000 கன அடியை நிரப்பும் வரை பரவும்; குறுகிய பாதையில் ஏவினால் ஏவியவரையே சுட்டுவிடும். ஆனால் அது மந்திரத்தின் விவரிப்பிலேயே இருக்கிறது, ஏவும் முன்பே எல்லாருக்கும் தெரியும். சண்டைக்கு நடுவே, வேதியியல் நன்றாகத் தெரிந்த ஒருவருக்குச் சாதகமாக முளைக்கும் விதி அப்படிப்பட்டதன்று.

நுரையீரலுக்குள் தண்ணீர் வரவழைப்பது

தண்ணீரை உண்டாக்கும் மந்திரத்தை எதிரியின் நுரையீரலுக்குள் ஏவி மூழ்கடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஆனால் தண்ணீர் தோன்றும் இடமாக மந்திரத்தின் விவரிப்பு சொல்வது "திறந்த பாத்திரம்". நுரையீரல் பாத்திரமன்று.

"மந்திரம்தானே" என்று வாயடைப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. உலகம் எப்படி இயங்குகிறது என்று கேட்பவருக்கு விடை தரப்பட வேண்டும். அது நம் பள்ளிப்பாட அறிவியலாக இருக்க வேண்டியதில்லை. 1987இல் வெளிவந்த ஆர்ஸ் மேஜிகா என்னும் வேறோர் ஆட்டம் இதை அழகாகச் செய்தது. அங்கே அரிஸ்டாட்டிலின் இயற்பியலே மெய். சந்திர மண்டலத்தையும் அதற்கு மேலுள்ளதையும் எந்த மந்திரமும் தொடாது. எல்லை தெளிவாக இருப்பதால் ஆட்டக்காரர்கள் அதற்குள் நின்று துணிந்து யோசிக்கிறார்கள்.

ஈட்டியைக் கைமாற்றும் வரிசை

வரிசையில் நிற்கும் இரண்டாயிரம் பேர் ஒரே சுற்றில் ஓர் ஈட்டியைக் கைமாற்றினால், அது பயங்கர வேகம் பெற்று எதிரியைச் சிதறடிக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். அத்தனை பேர் 6 விநாடிக்குள் கைமாற்ற விதி இடமளிக்கலாம். ஆனால் கடைசி ஆள் அதை எறியும்போதும் அதே விதிநூல்தான்: ஒரு தாக்குதல், ஈட்டிக்குரிய சாதாரணச் சேதம்.