எடை கூடிய சரக்கு விமானம் பாதியில் இறங்கும்போது: தவிர்க்க வேண்டிய சில தவறான முடிவுகள்

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டரை மணி நேரம் போல வட்டமடித்துவிட்டு, 141 பேருடன் பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது. "எரிபொருளைக் கீழே கொட்டிக்கொண்டிருக்கிறது" என்று அன்றைக்கு டெல்டா முழுக்கச் செய்தி பறந்தது. அது போயிங் 737. அந்த ரகத்தில் எரிபொருளைக் கொட்டும் வசதியே கிடையாது. சுற்றிச் சுற்றிப் பறந்து எரித்துத்தான் எடையைக் குறைக்க முடியும். வட்டமடிக்கும் விமானமெல்லாம் கொட்டுகிறது என்று நினைப்பதுதான் முதலில் விட வேண்டிய தவறு.

பெரிய சரக்கு விமானத்தின் கணக்கே வேறு. 747-400 சரக்கு விமானம் ஏறக்குறைய 397 டன் எடையோடு மேலே ஏறலாம். ஆனால் வழக்கமாக இறங்குவதற்கான வரம்பு 300 டன் அளவுதான். நடுவில் இருக்கும் நூறு டன்னும் போகிற வழியில் எரிந்து தீர வேண்டிய எரிபொருள். கிளம்பிய அரை மணியில் கோளாறு வந்தால் அது அப்படியே டாங்கில் இருக்கும். மணிக்குப் பத்து டன் எரிக்கிற விமானம் அதைச் சுற்றித் தீர்க்க நாள் பாதி போய்விடும். அதனால்தான் இறக்கை ஓரத்தில் குழாய் வைத்து, நிமிடத்துக்கு இரண்டு டன் போல வெளியேற்றுகிறார்கள். அப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். "சரக்கைத் தூக்கிப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. பறக்கும்போது சரக்குக் கதவைத் திறக்க வழியில்லை. தட்டுகளில் கட்டிப் பூட்டிய சரக்கு கொஞ்சம் நகர்ந்தாலே விமானத்தின் சமநிலை கெட்டுவிடும்.

கொட்டுகிற எரிபொருள் சம்பா வயலில் விழுமே என்ற பயம் நியாயமானது, ஆனால் பெரும்பாலும் தேவையில்லாதது. கட்டுப்பாட்டு அறை அதற்கென்று இடமும் உயரமும் ஒதுக்கும். முடிந்தால் கடல்மேல் அனுப்புவார்கள். 6,000 அடிக்கு மேல் வெளியேற்றினால் பெரும்பகுதி தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். தாழ்வாகக் கொட்டினால்தான் ஆபத்து. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் திரும்பி வந்த ஒரு போயிங் 777 விமானம் அப்படிச் செய்து, பள்ளி மைதானத்தில் நின்ற பிள்ளைகள்மேல் எரிபொருள் தெளித்தது.

வரம்பை மீறி இறங்கினால் விமானம் நொறுங்கிவிடும் என்பதுதான் அதிகம் பரவியிருக்கும் தப்பான எண்ணம். சக்கரக் கால்களை வடிவமைக்கும்போதே இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இறங்கும் வரம்பு எடையில் நொடிக்கு 10 அடி வேகத்தில் தரை தொட்டாலும் தாங்க வேண்டும். மேலேறும் முழு எடையோடு வந்தால்கூட நொடிக்கு 6 அடி வரை தாங்க வேண்டும். சாதாரணமாகத் தரை தொடுவது நொடிக்கு 2, 3 அடி வேகத்தில்தான். ஆக, பைலட் மெதுவாக இறக்கினால் போதும், இடம் இருக்கிறது. சிக்கல் இறங்கிய பிறகு, நிறுத்துவதில்தான் வரும். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டரைக் காலி டிராக்டர் போல நினைத்து பிரேக் போட முடியுமா? எடை கூடினால் இறங்கும் வேகமும் கூடும், ஓடுதளமும் நீளமாக வேண்டும்.

அப்படி நிறுத்தும்போது பிறக்கும் சூடு பெரும்பாலும் பிரேக்கில்தான் இறங்கும். விமானம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு பிரேக்கின் வெப்பம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சக்கரத்தில் சிறிய உருகு அடைப்பான்கள் உண்டு. சூடு அளவு மீறினால் அவை உருகி, காற்றை மெல்ல வெளியே விடும். டயர் தட்டையாகிப் போகும். மறுநாள் "டயர் வெடித்தது" என்று செய்தி வரும். உண்மையில் வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. தீயணைப்பு வீரர்களும் சக்கரத்தின் பக்கவாட்டில் நெருங்க மாட்டார்கள், முன்னாலோ பின்னாலோ இருந்துதான் வருவார்கள்.

அடுத்து, "பக்கத்தில் திருச்சி இருக்கிறதே, தஞ்சாவூர் விமானப்படைத் தளம் இருக்கிறதே, ஏன் சென்னைவரை போனார்கள்?" என்ற கேள்வி. திருச்சி ஓடுதளம் ஏறக்குறைய 2,480 மீட்டர், சென்னையின் முதன்மை ஓடுதளம் 3,650 மீட்டருக்கு மேல். நீளம் மட்டும் போதாது. தளத்தின் தாங்குதிறன், தீயணைப்பு வசதி, தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கும் சரக்குத் தளத்தை எட்டும் தூக்கி எல்லாம் பார்க்க வேண்டும். தூக்கி இல்லாத ஊரில் இறங்கினால், உள்ளே இருக்கும் பூவும் காய்கறியும் அங்கேயே வாடும். எரிகிற ஆபத்து இல்லாதவரை கொஞ்சம் தள்ளிப் போய் நல்ல தளத்தில் இறங்குவதே சரி.

தீ என்றால் இந்த நியாயம் எதுவும் செல்லாது. சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் பெரும்பாலும் தீயணைக்கும் வாயு கிடையாது. உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, ஆக்சிஜன் கிடைக்காமல் தீயை அடக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் என்ற சரக்கு நிறுவனத்தின் யூபிஎஸ் 6 என்ற 747-இல் தீ எச்சரிக்கை வந்தபோது, மிக அருகில் இருந்தது தோஹா, சுமார் 100 கடல்மைல். குழு துபாய்க்கே திரும்பியது, அது ஏறக்குறைய 150 கடல்மைல். பைலட் அறைக்குள் புகை நிறைந்து கருவிகள் தெரியாமல் போயின. முதல் எச்சரிக்கையிலிருந்து அரை மணிக்குள் விமானமும் இரு பைலட்டுகளும் போய்விட்டார்கள். சரக்கில் லித்தியம் பேட்டரிகள் இருந்தன. தோஹாவுக்குத் திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். ஆனால் தீ எரியும்போது எடையைக் குறைக்கக் காத்திருக்கக் கூடாது, நூறு டன் கூடுதலாக இருந்தாலும் இறக்கிவிட வேண்டும். அப்படி இறக்கிய பைலட்டை "விதியை மீறினார்" என்று எழுதுவது அநியாயம். அவசரத்தில் அந்த முடிவை எடுக்க விதியே அவருக்கு அதிகாரம் தருகிறது.

அப்படி இறங்கிய விமானத்தைப் பொறியாளர்கள் சோதித்த பிறகுதான் திரும்பப் பறக்க விடுவார்கள். விமான உடலின் தகடு சுருங்கியிருக்கிறதா, எரிபொருள் கசிகிறதா, சக்கரக் கால் இணைப்புகளில் அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தரை தொட்ட வேகத்தைப் பதிவுக் கருவியிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள். முதல் கட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அதோடு முடிந்தது, ஏதாவது தெரிந்தால்தான் பிரித்துப் பார்க்கும் அடுத்த கட்டம்.