‘எக்ஸ்பெக்ட்’: பணிவாகச் சொன்னது கட்டளையாகிவிடாமல் இருக்க

வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருந்த நாள்களில் ஒவ்வொரு கடிதத்தையும் ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்றுதான் முடிப்பேன். ‘உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்று பணிவாகச் சொல்வதாக நினைப்பு. படிப்பவர் காதில் அது ‘பதில் வந்தாக வேண்டும்’ என்றே விழும். இது எனக்குத் தெரியவரச் சில ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது.

படி 1: ‘எதிர்பார்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்

நம் ‘எதிர்பார்’ பெரிய மனம் கொண்ட சொல். காத்திருத்தல், விரும்புதல், வரும் என்று நம்புதல் எல்லாவற்றையும் அது தாங்கும். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள். நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பவர் ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் தி பஸ்’ என்பார். சீக்கிரம் வந்தால் நல்லது என்று நினைப்பவர் ‘ஐ ஹோப் தி பஸ் கம்ஸ் சூன்’ என்பார். கால அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் ‘ஐ எக்ஸ்பெக்ட் தி பஸ் அட் சிக்ஸ்’ என்று சொல்ல முடியும்.

ஆக, எக்ஸ்பெக்டுக்குப் பின்னால் ஏதோ ஓர் ஆதாரம் இருக்க வேண்டும். ‘எதை வைத்துச் சொல்கிறேன்?’ என்று உங்களையே கேளுங்கள். பதில் வெறும் ஆசை என்றால் ‘ஹோப்’ போதும். நன்றாக எழுதிய தேர்வுக்கு ‘ஐ எக்ஸ்பெக்ட் டு பாஸ்’. பயந்துகொண்டே எழுதியதற்கு ‘ஐ ஹோப் டு பாஸ்’. தோல்வி, புயல் போன்ற வேண்டாதவற்றையும் எக்ஸ்பெக்ட் செய்யலாம். அவற்றை யாரும் ஹோப் செய்வதில்லை.

இந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘வெளியே நோக்கியிருத்தல்’ என்று பொருள். நம் சொல்லுக்குள்ளும் ‘பார்’ இருக்கிறது. ‘பார்த்தல்’ என்ற ஒரே எண்ணத்திலிருந்து தனித்தனியே பிறந்து வேறு வேறு வழி போன இரண்டு சொற்கள்!

படி 2: வாக்கியத்தில் பொருத்துங்கள்

நேரடியாகப் பெயர்ச்சொல் வரலாம்: ‘வி எக்ஸ்பெக்ட் ரெயின்’. வினைச்சொல் வந்தால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘ஐ எக்ஸ்பெக்ட் டு வின்’. ‘எக்ஸ்பெக்ட் வின்னிங்’ தவறு. வேறொருவர் செய்வதைச் சொல்ல அவரை நடுவில் வையுங்கள்: ‘ஐ எக்ஸ்பெக்ட் ஹர் டு வின்’. ‘வெயிட்’ என்பதைப் பின்தொடரும் ‘ஃபார்’ இங்கே வராது. நான் பார்த்த பிழைகளில் அதிகம் இதுதான்.

படி 3: அதிகாரத்தின் குரலைக் கேளுங்கள்

1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் கடற்போர். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தம் கப்பல்களுக்குக் கொடிகள் மூலம் அனுப்பிய செய்தி: ‘இங்கிலாந்து எக்ஸ்பெக்ட்ஸ் தட் எவ்ரி மேன் வில் டூ ஹிஸ் டியூட்டி’. அவர் முதலில் நினைத்த சொல் ‘கன்ஃபைட்ஸ்’, அதாவது ‘நம்புகிறது’. சைகைக் குறியீட்டு நூலில் அது இல்லை. எழுத்து எழுத்தாகக் கொடி ஏற்ற வேண்டியிருந்திருக்கும். சைகை அதிகாரி பாஸ்கோ ‘எக்ஸ்பெக்ட்ஸ்’ போடலாமா என்று கேட்க, நெல்சன் ஒப்புக்கொண்டார். நம்பிக்கையைச் சொல்ல வந்த வாக்கியம் கடமையைச் சொல்வதாக மாறிவிட்டது.

இன்றும் மேலாளர் ‘ஐ எக்ஸ்பெக்ட் யூ டு பி ஆன் டைம்’ என்றால், நேரத்துக்கு வந்தே தீர வேண்டும் என்று பொருள். என் கடிதத்தில் ஒலித்ததும் இந்தக் குரல்தான்.

படி 4: ‘இங்’ சேர்ப்பதில் கவனம்

வரவேண்டிய அழைப்பு, பார்சல், விருந்தினர் என்றால் ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் எ கால்’ என்று சொல்லலாம். ‘ஷி இஸ் எக்ஸ்பெக்டிங்’ என்று அதோடு நிறுத்தினால் அவர் கருவுற்றிருக்கிறார் என்று பொருள். பிரிட்டிஷ் பேச்சில் ‘ஐ எக்ஸ்பெக்ட் ஹி இஸ் டயர்ட்’ என்பது ‘அவர் களைத்திருப்பார் போலும்’ என்ற ஊகம். அங்கே ‘இங்’ சேராது.

படி 5: கடிதத்தை முடியுங்கள்

பதிலுக்கு ஆவலாக இருப்பதைச் சொல்ல ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்று எழுதுங்கள். வினைச்சொல் போட விரும்பினால் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. இங்கே ‘டு’வுக்குப் பிறகு ‘ஹியர்’ வராது, ‘ஹியரிங்’தான். நான் இப்போது எழுதும் கடிதங்கள் இந்த வரியோடுதான் முடிகின்றன.