ஆட்டுக்கால் நாணை இழுத்துச் சோதிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது, tendon), தசைநார் (எலும்பை எலும்போடு இணைப்பது, ligament) என்று இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கிளம்பும் காரைக்குடிப் பக்கத்து மாணவர்கள் முதலில் போய் நிற்பது கறிக்கடையில். அதில் தப்பில்லை, ஆட்டின் பின்னங்கால் குதிநாண் நல்ல மாதிரிதான். முறுக்குக் கம்பி இழுக்கிற 40 டன் இயந்திரத்தில் அதைக் கொண்டுபோய் மாட்டுவதுதான் தப்பு. கணக்குப் போடுங்கள்: குறுக்குவெட்டு 20 சதுர மி.மீ., 60 மெகாபாஸ்கலில் (சதுர மி.மீ.க்கு 60 நியூட்டன்) அறுகிறது என்றால் 1,200 நியூட்டன், அதாவது சுமார் 120 கிலோ. இயந்திரத்தின் திறனில் அரை சதவீதம்கூட இல்லை; அவ்வளவு சின்னச் சுமையை அது சரியாகக் காட்டாது. 5 கிலோநியூட்டனுக்குள் லோடு செல் (சுமையை அளக்கும் உணரி) உள்ள சின்ன இயந்திரம் கிடைக்காவிட்டால் தலைப்பையே மாற்றிக்கொள்வது மேல்.

ரிப்போர்ட்டுகளை அதிகம் கெடுப்பது பிடி, அதாவது நாணின் முனைகளை இயந்திரம் கவ்வும் இடம். நாண் வழவழப்பானது. லேசாகப் பிடித்தால் நழுவும். இறுக்கினால் பல் பதிந்து பிடியோரமே அறும். இரண்டிலும் கிடைப்பது பிடியின் பலம், நாணின் பலமல்ல. அறுந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். பிடிவாயில் அறுந்திருந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். சிறு சுமைக்கு இருபுறமும் உப்புத்தாள் வைத்துப் பிடித்தால் போதும். பெரிய சுமைக்கு உலர்பனியால் (dry ice) முனையை மட்டும் உறையவைக்கும் பிடி வேண்டும். (நடுப்பகுதியும் உறைந்தால் நீங்கள் இழுப்பது பனிக்கட்டியை.) இயந்திரத் தலை நகர்ந்த தூரத்தில் நழுவலும் சேர்ந்தே இருக்கும் என்பதால், அதை வைத்து நீட்சியைக் கணக்கிடாதீர்கள். நாணின் நடுவே மையால் இரண்டு புள்ளி வைத்து வீடியோ எடுத்து, அந்த இடைவெளியை அளங்கள்.

நம்மூர் சித்திரை வெயிலில், மின்விசிறிக்கடியில் விட்ட நாண் உப்புக்கண்டமாகிவிடும். காயக் காய விறைப்பு ஏறும். 0.9% சலைனில் நனைத்த காஸ் துணி கடைசிவரை சுற்றியிருக்கட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பிவிடும். அன்றே சோதிக்க முடியாதென்றால் அதே துணியோடு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்; திரும்பத் திரும்ப உறையவைத்து எடுக்காதீர்கள்.

முதல் இழுப்பிலேயே அறுத்துவிடுவதும் வழக்கமான அவசரம். குறைந்த சுமையில் பத்து முறையாவது இழுத்துவிட்டால்தான் சுமை-நீட்சி வரைகோடு நிலைப்படும். அதன் தொடக்க வளைவு கொலாஜன் (நாணின் முக்கியப் புரதம்) இழைகளின் நெளிவு நிமிரும் பகுதி. மீள்மக் குணகத்தை (விறைப்பின் அளவு, elastic modulus) அங்கே எடுக்காமல் நேர்கோட்டுப் பகுதியில் எடுங்கள். இழுத்த வேகத்தையும் எழுதுங்கள். வேகம் மாறினால் விடையும் மாறும்.

தசைநாரை எலும்பிலிருந்து வெட்டியெடுக்காமல், இருபுற எலும்போடு பிடித்து இழுப்பதே முறை. கோணமும் முக்கியம். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், இளவயதினரின் முழங்கால் முன்சிலுவைத் தசைநார் (ACL) தன் இயல்பான திசையில் இழுத்தபோது சராசரி 2,160 நியூட்டன் தாங்கியது. கீழ்க்கால் எலும்பின் திசையில் இழுத்தபோது 1,602-தான்.