நீல அடுக்கு ஏன் கீழே இறங்கியது?

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 விருந்துக்கு, அந்நாட்டுக் கொடியின் நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்றடுக்கு காக்டெய்ல். அடியில் கிரெனடின் (சிவப்பு நிற இனிப்புப் பாகு) அசையாமல் நின்றது. மேலே விட்ட நீல கியூராசோதான் (ஆரஞ்சுச் சுவையுள்ள இனிப்பு மது) வெள்ளையைத் துளைத்து இறங்கி, சிவப்போடு சேர்ந்து அழுக்கு ஊதாவாகிக்கொண்டே இருந்தது.

கரண்டியின் முதுகில் மெதுவாக ஊற்றியாயிற்று. எல்லாவற்றையும் குளிர வைத்தாயிற்று. கிளாஸையும் மாற்றியாயிற்று. கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு நூல் நூலாக நீலம் கீழே இறங்கும்.

அந்த நூல்கள்தான் துப்பு. மதுதானே, லேசாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் கியூராசோவில் உள்ள சர்க்கரை அதைத் தண்ணீரைவிடக் கனமாக்கிவிடுகிறது. பாட்டிலில் பெரும்பாலும் சர்க்கரை அளவு போட்டிருக்காது, அதனால் இது கண்ணில் படாது.

நீலத்தை லேசாக்க, கியூராசோவில் சம அளவு வோட்கா கலந்தேன். வெள்ளையைக் கனமாக்க, அதற்கான தேங்காய்ப்பால், ரம் கலவையில் சர்க்கரைப் பாகைக் கூட்டினேன். சின்ன கிளாஸில் வெள்ளையின் மேல் ஒரு சொட்டு நீலம் விட்டால், மிதந்தது! அப்பாடா. பிறகு கிளாஸ் நிறையப் பொடித்த ஐஸ் போட்டு, கிரெனடின், வெள்ளை, நீலம் என்று வரிசையாக ஊற்றியதில் மூன்றும் தனித்தனியாக நின்றன. ஸ்ட்ராவை மட்டும் குடிப்பவர் கையில் கொடுங்கள்; நீங்களே போட்டால் அங்கேயே கலங்கிவிடும்.