சதுக்கப் பூதத்தை மேசைக்குக் கொண்டுவந்த கதை: முதல் மான்ஸ்டர் எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தை ஆடுகிறோம். அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூவரும் ஆளுக்கொரு கேரக்டராக ஆடுகிறார்கள், நான் டி.எம்., அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவன். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பகடையை எப்போது உருட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. சொந்தமாக ஒரு மான்ஸ்டரை உருவாக்கி, ஆட்டம் முடிந்து மாதங்கள் கழித்தும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசும்படி செய்வது எப்படி என்பதே விஷயம்.

படி 1: அது எதைச் செய்யாது என்று முதலில் எழுதுங்கள்

என் முதல் மான்ஸ்டர் ஓர் ஓகர், ஒரு முரட்டு அரக்கன். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எடுத்தேன்: 59 ஹெச்பி (உயிர்ப் புள்ளி), ஆர்மர் கிளாஸ் 11 (அதன் மேல் அடி பட எட்ட வேண்டிய எண்). நான்கு முதல் லெவல் கேரக்டர்கள் எதிரே நின்றார்கள். தடியின் அடி எட்டுப் பக்கப் பகடை இரண்டும் கூட 4ம். இரண்டிலும் 7 விழுந்தது, மொத்தம் 18. அடி வாங்கிய விசார்டுக்கு (மந்திரவாதி) இருந்தது 8 ஹெச்பி. பூஜ்ஜியத்துக்குப் போன பிறகும் 10 மிச்சம். மிச்சம் முழு ஹெச்பிக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடத்திலேயே மரணம் என்பது விதி. அந்தக் கேரக்டரை மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பையன் முதல் சுற்றிலேயே தாளை மடித்து வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் அடியைக் குறைத்து ஹெச்பியை ஏற்றினேன். யாரும் சாகவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் "அடிக்கிறேன், பட்டதா, எவ்வளவு" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அந்த ஓகர் எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் நால்வருக்கும் நினைவில்லை.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதத்தைப் பற்றி மறுபடி படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. நாற்சந்தியில் நிற்கும் பூதம் அது. போலித் துறவி, அரசனை ஏமாற்றும் அமைச்சன், பிறன்மனை விரும்புகிறவன், பொய்ச்சாட்சி சொல்கிறவன், புறங்கூறுகிறவன் போன்றவர்களைக் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். நாலு காதத்துக்குக் கேட்கும்படி முழங்கும். மற்றவர்களை அது தொடுவதே இல்லை. அதன் பயங்கரம் கூரான பல்லில் இல்லை, அந்தத் தொடாமையில்தான் இருக்கிறது. கூட்டத்தில் பத்துப் பேர் நிற்க ஒருவனை மட்டும் திரும்பிப் பார்க்கிற ஒன்றைக் கண்டால் யாருக்கும் வயிறு கலங்கும்.

எனவே ஹெச்பி எழுதும் முன் ஒரே ஒரு வரி எழுதுங்கள். என்னுடையது: "சதுக்கத்துக்குள் நின்று வாயால் பொய் சொன்னவனை மட்டும் பிடிக்கும். அவனே உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடும்." விட்டுவிடுவது நான் சேர்த்தது, காப்பியத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஆட்டத்தில் தப்ப ஒரு வழி இருந்தாக வேண்டும் என்பதால் சேர்த்தேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். முனியாண்டியை மான்ஸ்டராகப் போடலாமா என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். நான் போட மாட்டேன். தோட்டத்து எல்லையிலும் சாலையோர மரத்தடியிலும் இன்றும் மக்கள் படையல் வைத்துக் கும்பிடுகிற சாமி அவர். என் அம்மா கைகூப்புகிற ஒருவருக்கு ஹெச்பி எழுத எனக்குக் கை வராது. பழைய இலக்கியத்தின் பூதமும் கூளியும் போதுமான அளவுக்கு நமக்கு இருக்கின்றன.

படி 2: எண்கள்

இதில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள ஒரு மான்ஸ்டரின் எண்களை எடுத்து மேலே வேறு தோல் போர்த்துங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. இலவசம், மாற்றி எழுதவும் தடையில்லை. தொடக்கத்துக்கு அது தாராளம்.

என் பூதம் அதே ஓகர்தான். தடிக்குப் பதில் கயிறு. கயிறு பட்டால் ஆள் கட்டுண்டு போவான், அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஆறு பக்கப் பகடை ஒன்று அளவுக்கு வலி. 8 ஹெச்பி விசார்டும் பாதிக்கு மேற்பட்ட தடவை மூன்றாம் சுற்றைப் பார்ப்பான். யோசிக்கவும் பேசவும் அந்த அவகாசம் தேவை. கயிற்றிலிருந்து விடுபட இருபது பக்கப் பகடையில் விழுவதும் ஆளின் கூட்டலும் சேர்ந்து 14 வேண்டும் (அடிப்படை 8, ஓகரின் தேர்ச்சி 2, பலம் 4). மல்லுக்கட்டில் கூட்டல் 5 உள்ளவனுக்கு இது 60 விழுக்காடு வாய்ப்பு, கூட்டலே இல்லாதவனுக்கு 35.

ஐந்தாம் பதிப்பின் 2014 வடிவத்தில் ஆடினால் எக்ஸ்பி (எதிரியை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி) கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். நான்கு முதல் லெவல் ஆட்களுக்கு 400 எக்ஸ்பி என்றாலே உயிராபத்து. ஓகர் ஒன்றே 450. அதைவிட ஏமாற்றுவது கோப்ளின் (குட்டி அரக்கன்) கூட்டம்: ஒன்றுக்கு 50தானே என்று நான்கை இறக்கினால் 200, ஆனால் மூன்று முதல் ஆறு எதிரிகள் என்றால் இரண்டால் பெருக்க வேண்டும், அதுவும் 400 ஆகிவிடுகிறது. எதிரிகளின் எண்ணிக்கைதான் ஆளைக் கொல்லும். 2024 வடிவத்தில் இந்தப் பெருக்கல் இல்லை.

படி 3: விதியைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பூதத்தை முதலில் ஆட்டத்தில் இறக்கியபோது ஒரே ஒரு தடயம்தான் வைத்திருந்தேன். சந்தையில் பூ விற்கும் கிழவி விஷயத்தைச் சொல்வாள் என்பது திட்டம். பிள்ளைகள் பூக்கடைப் பக்கமே போகவில்லை, நேரே படகுத்துறைக்குப் போய்விட்டார்கள். இரவில் பூதம் ஒருவனைப் பிடித்தது. ஏன் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. டி.எம். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தார்கள், அவர்கள் நிலையில் அது நியாயமான சந்தேகமும்கூட. நான் அரும்பாடுபட்டு எழுதிய விதி என் நோட்டுப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. மேசையில் இருந்தது மறுபடியும் அந்தப் பழைய ஓகர்தான்.

எந்த முக்கியமான உண்மைக்கும் மூன்று தடயம் வை என்று இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் சொல்வார்கள். அதோடு நான் சேர்த்துக்கொண்டது: மூன்றும் மூன்று விதமாக இருக்க வேண்டும், மூன்றும் வேறு வேறு ஆட்களிடம் இருக்க வேண்டும், ஒன்றாவது யாரையும் தேடிப் போகாமலேயே கண்ணில் பட வேண்டும்.

கண்ணில் படுவது: அந்த நாற்சந்தியில் எந்த வியாபாரியும் விலை சொல்ல மாட்டான். பொருளை அங்கே காட்டுவான், பிறகு வாங்க வந்தவரைப் பத்தடி தள்ளிக் கூட்டிப்போய் விலை பேசுவான்.

காதில் விழுவது: தெருவைக் கடக்கும் முன் ஒரு சிறுமி அம்மாவின் முந்தானையை இழுத்து, "பலகாரத்தை நான்தாம்மா தின்னேன்" என்கிறாள்.

கேட்டால் கிடைப்பது: மூட்டை தூக்கும் ஒருவரின் மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு. "பார்க்காததைப் பார்த்தேன்னு சொன்னேன். பாதியில வாபஸ் வாங்கிக்கிட்டேன்" என்பார்.

விலை பேசும் பழக்கம்தான் எங்கள் மேசையில் வேலை செய்தது. அதைக் கேட்டவுடன் விசார்ட் பையன் பென்சிலால் மேசையைத் தட்டி, "ஏன் தள்ளிப் போறாங்க?" என்றான். பூதம் இன்னும் வரவே இல்லை, ஆனால் நால்வரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

படி 4: வரைபடம்

நடந்து போய் வரையுங்கள். ஜார்ஜ் டவுனில் லெபோ பாசாரும் லெபோ குயினும் சந்திக்கும் முனையில் காலை நேரத்தில் அரை மணி நேரம் நின்றால் ஒரு துறைமுக நகரமே கைக்கு வந்துவிடும்: ஐந்தடி நடைபாதை, மசாலாக் கடை, தெருவில் கொஞ்சம் நடந்தால் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். என் கற்பனை நகரத்தின் செட்டியார் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு), மிளகு மூட்டை எல்லாம் அங்கிருந்தே வந்தன.

கணினியில் வரைபடம் போடும் செயலிகளை நானும் பயன்படுத்திப் பார்த்தேன். நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டே மேல். திரை வந்துவிட்டால் எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பொய் சொன்னவனைத் தேடும் ஆட்டத்தில் முகம்தான் எல்லாம். எதிரிகளைக் குறிக்க நாங்கள் ரப்பர் விதை வைக்கிறோம். ஒவ்வொன்றிலும் புள்ளிகள் வேறு மாதிரி இருப்பதால் எது எந்தக் கோப்ளின் என்று குழம்பாது.

படி 5: "எப்படிக் கொல்வது" என்ற கேள்வியை மாற்றுங்கள்

காப்பியத்தில் பூதத்தைப் பற்றி இன்னொரு சம்பவமும் உண்டு. பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் கட்டிவிடுகிறது. அவன் தாய் படும் துயரம் பொறுக்காமல் கோவலன் கயிற்றுக்குள் நுழைந்து, அவனை விட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் மறுத்துவிடுகிறது. கெட்டவன் உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொள்வது தனக்கு முறையில்லை என்கிறது. கோவலனின் கண்முன்னே அவனை அடித்து உண்கிறது. கோவலன் அந்தத் தாயோடு திரும்பிப் போய் அவள் குடும்பத்தைப் பல்லாண்டு காப்பாற்றுகிறான்.

ஒரு முழு சாகசத்துக்கு வேண்டியது இதற்குள் இருக்கிறது. பூதம் தன் கடமையைச் செய்கிறது, அதைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதன் கையிலிருந்து யாரைக் காப்பாற்றுவது, எதைக் கொடுத்துக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி. நான் எழுதியது: கிட்டங்கியில் மிளகு மூட்டைகள் காணாமல் போயிருக்கின்றன. நாளைக் காலை சதுக்கத்தில் ஓர் இளைஞன் சாட்சி சொல்ல வேண்டும். பொய் சொல்ல அவனுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். அவன் தாய் நம் ஆட்களிடம் வந்து அழுகிறாள். இவ்வளவுதான் எழுத வேண்டும். முடிவை எழுதாதீர்கள். அவனைத் தடுப்பார்களா, மனத்தை மாற்றுவார்களா, காசு கொடுத்தவனைப் பிடிப்பார்களா என்பது அவர்கள் பாடு. தன் உயிரைத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பூதம் என்ன சொல்லும் என்பதை மட்டும் தயாராக வைத்திருங்கள்.

எங்கள் மேசையில் நடந்தது நான் திட்டமிட்டதே இல்லை. முந்தைய சனிக்கிழமை அக்கா மகனின் ரோக் (திருட்டில் தேர்ந்த கேரக்டர்) ஒரு மிளகு மூட்டையைத் திருடி, வாங்கினேன் என்று கூட்டாளிகளிடம் சொல்லியிருந்தான். சதுக்கத்தில் வைத்து அதையே மறுபடி சொன்னான். ரப்பர் விதையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"மாமா, அது ஏன் என்னைப் பார்க்குது?"

நான் பதில் சொல்லவில்லை. மற்ற மூவரும் அவனைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் இல்லை, அவர்களிடம் திரும்பி, "அந்த மூட்டைய நான் வாங்கல. எடுத்தேன்" என்றான். பகடை உருட்டச் சொல்லவில்லை. கயிறு தளர்ந்தது என்று மட்டும் சொன்னேன்.

பின்சேர்க்கை 1: பாதி உண்மை சொன்னால் என்ன, மௌனமாக இருந்தால் என்ன என்று இதைப் படித்த இருவர் கேட்டிருந்தார்கள். வாயால் சொன்ன முழுப் பொய் மட்டும்தான் கணக்கு. மௌனம் குற்றமில்லை. இதை ஆட்டத்தின் நடுவில் முடிவு செய்யாதீர்கள், விதியை எழுதும்போதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். பத்து வயதுப் பிள்ளைகளோடு ஆடியதில், பிடிபட்ட பிள்ளை அழுதுவிட்டதாம். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் பூதம் முதலில் பிடிப்பது நீங்கள் நடத்தும் ஒரு கேரக்டராக இருக்கட்டும், ஒரு பொய் வியாபாரி போதும். அவன் உண்மை சொல்லித் தப்புவதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால், தங்கள் முறை வரும்போது வழி தெரியும். அதற்கும் முன்னால், மேசையில் உட்கார்ந்ததுமே எது வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒருவனுக்குப் பாம்பு ஆகாது. இத்தனை மாதத்தில் என் நகரத்தில் ஒரு பாம்பும் வந்ததில்லை.