ஏற்காட்டில் ஒரு வார இறுதி: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

ஏற்காடு போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் எல்லோரும் உடனே ரூம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதை மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாதம், அடுத்து கிழமை, அதற்கு அப்புறம்தான் ரூம். இந்த வரிசை மாறினால் அதே மலைக்கு இரட்டிப்புக் காசு கொடுத்து, அடிவாரத்தில் வண்டி வரிசையில் காத்துக்கிடந்து, ஏரிக்கரையில் தலைகளை மட்டும் பார்த்துவிட்டு இறங்க வேண்டியிருக்கும். சேலத்தில் இருப்பதால் வெளியூர் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள், அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே மாதம் என்றால் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்கள் கண்காட்சி என்று குழந்தைகளுக்கு நல்ல கொண்டாட்டம். தேதி ஒவ்வொரு வருடமும் மாறும், மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிறகு திட்டம் போடுங்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான், சுற்றியுள்ள மலைக்கிராமங்களே திரண்டு வரும். விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் மே சரி. அமைதி வேண்டும் என்று போகிறவர்களுக்கு மே வேண்டாம்.

என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரல். கோடையின் முதல் நல்ல மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காப்பிச் செடிகள் பூத்துவிடும். கிளையில் ஒவ்வொரு கணுவிலும், இலைக்காம்பை ஒட்டி, கொத்துக் கொத்தாக வெள்ளைப்பூ, மணம் ஏறக்குறைய மல்லிகை மாதிரியே இருக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிப் பழுப்பாகிவிடும் என்பதால் தேதியை முன்கூட்டிக் குறிக்க முடியாது. தங்கப்போகும் எஸ்டேட்டுக்குப் போன் போட்டு “மழை பெய்ததா, மொட்டு வந்ததா?” என்று கேட்டுக்கொண்டு கிளம்புவதுதான் வழி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். இன்றும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அந்த மரங்களிலேயே ஏறிப் படரும் மிளகுக்கொடியும்தான் இந்த மலையின் பிழைப்பு. நவம்பர் முதல் ஜனவரி வரை போனால் சிவந்த பழம் பறிப்பதையும் களத்தில் காயவைப்பதையும் பார்க்கலாம்.

அக்டோபர், நவம்பரில் மூடுபனியும் கிளியூர் அருவியில் தண்ணீரும் கிடைக்கும். கோடையில் அருவிக்குப் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்ப்பீர்கள். ஆனால் மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. புயல் எச்சரிக்கை இருந்தால் யோசிக்காமல் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

படி 2: கிழமை

சனி காலை ஏறி ஞாயிறு மாலை இறங்குவதுதான் ஊர் வழக்கம். நீங்கள் ஞாயிறு மதியம் ஏறுங்கள், திங்கள் மாலை இறங்குங்கள். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஞாயிறு சாயங்காலம் கூட்டம் இறங்கிவிடும், அன்றிரவு வாடகையும் சனிக்கிழமையை விடக் குறைவாக இருப்பதே வழக்கம். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் தொடர் விடுமுறைகளில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது.

படி 3: இப்போது ரூம்

பஸ்ஸில் வருகிறவர்கள், வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்கள் ஏரிப் பக்கம் தங்குங்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடும் அங்கேதான், ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். சொந்த வண்டி இருந்தால் கொஞ்சம் உள்ளே தள்ளி, காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் பங்களாவோ ஹோம்ஸ்டேயோ பாருங்கள். ஏற்காட்டின் அருமை தோட்டத்துக்குள் தங்கினால்தான் தெரியும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் போனில் பேசிவிடுங்கள். செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, இல்லை காலை 11 மணிக்கே காலி செய்ய வேண்டுமா? இதை விட்டுவிட்டால் மாலை 4 மணிக்குப் போய் இறங்கி, மறுநாள் குளித்து முடிப்பதற்குள் கதவைத் தட்டுவார்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மதியமே சொல்ல வேண்டுமா, கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதையில் சின்னக் கார் ஏறுமா, டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா, இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். சொன்ன வாடகை வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: ஏறுவது

சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியும் முன்பே சேலம் ஜங்ஷன். ரயில் ஈரோட்டுக்குப் போய்விடும் என்பதால் அலாரம் வைத்துத் தூங்குங்கள். சேலத்திலிருந்து மலைக்கு அரசுப் பேருந்து உண்டு, தூரம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது, அதில் வளைவுகள் குறைவு. கோடை விழா சமயத்தில் ஒரு பாதையில் ஏறவும் மற்றதில் இறங்கவும் விடுவது உண்டு.

குமட்டல் வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல் முன் சீட்டில் உட்காருங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிக் காலை வாரிவிடும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வேலை இங்கே கூடவே கூடாது.

படி 5: மேலே போன பிறகு

ஞாயிறு சாயங்காலம் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்குப் போங்கள். இருட்டிய பிறகு கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் பகலில் மேட்டூர் அணைப் பக்கம் வரைக்கும் பார்க்கலாம். திங்கள் காலை சீக்கிரமே சேர்வராயன் கோயில். 1,623 மீட்டர், மலைத்தொடரின் உச்சி. குகைக்குள் குனிந்துதான் போகணும், உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். வெளியே வந்தால் பரந்த சமவெளி, காற்று ஆளைத் தள்ளும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். திரும்பும்போது பகோடா பாயின்ட் என்ற இன்னொரு காட்சிமுனை, நேரமிருந்தால் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம். படகு சவாரியைத் திங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் வரிசை இருக்காது. அருவிக்கு இறங்குவது எளிது, ஏறுவது கஷ்டம், முட்டிவலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடலாம்.

மிளகும் காப்பித்தூளும் வாங்குங்கள். சிக்கரி கலக்காத தூள் வேண்டும் என்று கேட்டு, கண்ணெதிரே அரைத்து வாங்கினால் நல்லது.

படி 6: இறங்கியதும் சேலம்

ஆடி மாதம் வந்தால் மலையை ஒருநாளோடு முடித்துக்கொண்டு சேலத்திலேயே ரூம் போடுங்கள். கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் திருவிழா. சேலத்தில் குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை அவசியம் பாருங்கள், சாமி வேஷம் கட்டிய ஆட்களோடு ஜோடித்த வண்டிகள் ராத்திரியில் வரிசையாக வரும்.

மற்ற மாதங்களில் ஒரு தட்டுவடை செட்டாவது சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். மொறுமொறு தட்டுவடை ஒன்றின் மேல் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். கையில் வாங்கியதும் வாயில் போட்டுவிடணும், நின்றால் நமத்துவிடும். காரம் தாங்குகிறவர்கள் தட்டுவடையை நொறுக்கிச் சட்னி கலந்து தரும் நொறுக்கலும் கேட்டுப் பாருங்கள். மே, ஜூனில் வந்தால் மாம்பழத்துக்குப் பையில் இடம் விட்டு வையுங்கள்.